ஐந்தரை மணி நேரம்

சுவர்க்கடிகாரத்தில் ஒரு மணி ஆகும்வரை காத்திருந்து, அம்சவேணி காபி டம்ளரை முந்தானையால் பிடித்துக்கொண்டு வடக்கு அறைக் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. இன்னொரு தரம் தட்டி, மணி ஒன்றாகிவிட்டது என்று குரல் கொடுத்தாள். ராத்திரியெல்லாம் விழித்திருந்த மனுசன், அசந்து தூங்குகிறார் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டே கதவைத் தள்ளினாள். தாழ் போடும் வழக்கம் அண்ணன் தரணிதரனுக்கு எப்போதும் கிடையாது.

கால் வைத்த இடத்தில் ஈரம். கட்டிலடியில் செம்பு உருண்டு கிடந்தது. அண்ணன் இரண்டு கம்பளிகளுக்குள் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். தோளைத் தொட்டுத் திருப்பினாள். கண் திறந்திருந்தது, வாயும் திறந்திருந்தது. அம்சவேணி டம்ளரை ஜன்னல் மேல் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் கத்தினாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. பிற்பாடு அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கே கூசியது. அந்த நேரத்தில் டம்ளருக்கா இடம் பார்ப்பார்கள்?

மிளகுக் காட்டிலிருந்து புருசன் அர்த்தனாரியும் மகள் கௌசிகாவும் ஓடி வந்தார்கள். பக்கத்து வீட்டு மாராயி வந்தாள். துணை சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் மேனகா வந்து, மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, கண்ணை மூடிவிட்டாள். மாரடைப்பு என்றாள். உடம்பு இன்னும் சூடாக இருக்கிறதே என்று கேட்டதற்கு, இரண்டு கம்பளிக்குள் இருந்தால் சூடு சீக்கிரம் போகாது என்றாள். அண்ணனுக்கு வயது நாற்பத்தாறு. நேற்றுக் காலையில்தான், மிளகு மூட்டையோடு சந்தைக்குக் கிளம்பியவளிடம் ஒரு டஜன் பென்சில் வாங்கி வரச் சொன்னார். அந்தப் பென்சில் பெட்டி இன்னும் அவள் பையிலேயே இருந்தது.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து கிடந்த நோட்டை அர்த்தனாரிதான் எடுத்தார். அண்ணன் எதையும் எழுதி வைப்பவர். ஆபீஸ் காரியத்துக்கு இங்கிலீஷ், ஊருக்கு வந்தால் தமிழ். விரிந்து கிடந்த பக்கத்தில் கடைசி இரண்டு வரிகளை அர்த்தனாரி எழுத்துக்கூட்டுகிறவரைப் போல நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"நாலு அம்பது. நெஞ்சு இறுக்கம். நாலு அம்பத்தஞ்சு. இடது கை."

சாகப்போகிற ஆள் அதையும் நேரம் போட்டு எழுதியிருக்கிறார். நர்ஸ் மேனகா நோட்டை ஒரு தரம் பார்த்துவிட்டு, பார்க்கக் கூடாததைப் பார்த்தவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அர்த்தனாரி திடீரென்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டார்.

"நாலு அம்பதுக்கு நான் ஊட்டுலதானே இருந்தேன். சுவத்துக்கு இந்தப் பக்கம் குறட்டை உட்டுத் தூங்கிட்டு இருந்திருக்கறேன்," என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அம்சவேணி அவர் கையைப் பிடித்துத் தடுத்தாள். உள்ளுக்குள் ஒரு நினைப்பு ஓடியது, அதை அவள் பிற்பாடு மறைக்கவில்லை. நல்லவேளை, நாலு ஐம்பதுக்கு நான் இங்கே இல்லை. பேளுக்குறிச்சியில் நாத்தனார் வீட்டில் படுத்திருந்தேன். முதல் பஸ் ஏறி, அத்தனை கொண்டை ஊசி வளைவும் சுற்றி நான் வீடு வந்து சேரும்போது பத்து மணி. அதற்குள் எல்லாம் முடிந்து போயிருந்தது. நான் என்ன செய்திருக்க முடியும்?

அரியூர் நாடு என்கிற அந்த மலைப் பகுதியில் தரணிதரனைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். ஜோசியம் பார்க்கிறவர் என்று நினைத்து ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. அவர் சலித்துக்கொள்ளாமல் காபி கொடுத்து அனுப்புவார். சேலத்துக் காலேஜ், பிறகு பெங்களூர், அங்கிருந்து இருபது வருசமாக நட்சத்திரம் வெடிப்பதைப் பார்க்கிற வேலை. எங்கோ ஒரு நட்சத்திரம் வெடிக்கும். அதன் வெளிச்சம் சில நாட்களில் ஏறி, பல வாரங்களில் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை நேரம் தவறாமல் அளந்து எழுத வேண்டும். ஒரு மணி நேரம் தவறவிட்டால் தவறியதுதான், அந்த நட்சத்திரம் மறுபடி வெடிக்கப்போவதில்லை. கடைசி ஐந்தாறு வருசமாக வேறு நட்சத்திரங்களைச் சுற்றுகிற கிரகங்களையும் தேட ஆரம்பித்திருந்தார். கிரகம் குறுக்கே போகும்போது நட்சத்திரத்தின் வெளிச்சம் நூறில் ஒரு பங்கு குறையும், அவ்வளவுதான். பேளுக்குறிச்சிச் சந்தையில் எரிகிற பெட்ரோமாக்ஸை இந்த மலையிலிருந்து பார்த்துக்கொண்டு, அதற்கு முன்னால் ஒரு பூச்சி குறுக்கே போனதா என்று சொல்வது போன்ற வேலை என்று கௌசிகாவுக்குச் சொல்லியிருக்கிறார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. தை மாசமானால் லீவு போட்டுவிட்டு, தன் சொந்தத் தொலைநோக்கியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். பெங்களூர் வானம் விளக்கு வெளிச்சத்தில் கெட்டுப்போய்விட்டது, நம்மூர் இருட்டுக்கு ஈடில்லை என்பார்.

வருகிறவருக்கு அந்த வீட்டில் ஒரே ஒரு சட்டம். மத்தியானம் ஒரு மணிக்கு முன்னால் யாரும் எழுப்பக்கூடாது. பத்து வருசத்துக்கு முன் அம்சவேணி தெரியாத்தனமாகப் பதினோரு மணிக்கே தட்டி எழுப்பி இட்லி கொடுத்துவிட்டாள். அன்று ராத்திரி அவர் தொலைநோக்கியின் பக்கத்திலேயே கண்ணயர்ந்துவிட்டார். வெடித்துக்கொண்டிருந்த ஒரு நட்சத்திரம் உச்சத்துக்குப் போன இரண்டு மணி நேரம் அப்படியே போய்விட்டது. அவர் கோபப்படவில்லை. ஒரு முழு நட்சத்திரத்தை நீ இட்லியோடு சேர்த்து ஊட்டிவிட்டாய் என்று சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் அவளைச் சுட்டது. அன்றிலிருந்து அந்தச் சட்டத்தைக் காப்பவள் அவள்தான். அண்ணன் தூங்கும்போது குக்கர் விசிலைக்கூட வரவிடமாட்டாள்.

இன்றைக்கும் அப்படித்தான். காட்டுக்குப் போன இருவரும் திரும்பியிருக்கவில்லை. களத்தில் மேய்ந்துகொண்டிருந்த பசு தலையை ஆட்டி ஆட்டி மணி அடித்தது. மணியின் நாக்கில் ஒரு பழந்துணியைச் சுற்றி விட்டு, மாட்டை ஓட்டிவிட்டாள். வேலியோரம் நின்று சந்தையில் மிளகு என்ன விலை போனது என்று சத்தமாகக் கேட்ட மாராயியை வாயில் விரல் வைத்து அடக்கினாள். "மெல்லப் பேசுக்கா, அண்ணன் தூங்குது," என்றாள்.

மூன்றே காலுக்கு ஜீப் வந்தது. பேளுக்குறிச்சியிலிருந்து பெரியப்பா காளியண்ணனும் நாத்தனார் வீட்டாரும் வந்திறங்கினார்கள். அதற்குள் அண்ணனைக் கூடத்துக்குக் கொண்டு வந்து கிடத்தியிருந்தார்கள். காளியண்ணன் காலடியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அவருக்கும் அண்ணனுக்கும் ஒரு செல்லச் சண்டை உண்டு. அவர் பஞ்சாங்கத்தைப் பார்த்து இன்றைக்கு இன்ன நட்சத்திரம் என்பார். அண்ணன் கணக்குப் போட்டுப் பார்த்து, உங்கள் பஞ்சாங்கம் சில நிமிசம் பிசகுகிறது பெரியப்பா என்பார். அடுத்த வருசம் அவர் வேறு பஞ்சாங்கம் வாங்கி வந்து காட்டுவார்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, எத்தனை மணிக்கு உயிர் போனது என்று கேட்டார். அர்த்தனாரி நோட்டைக் காட்டினார். நர்ஸ் மேனகா, உடம்பைப் பார்த்தால் அவ்வளவு நேரம் ஆன மாதிரித் தெரியவில்லை என்று இழுத்தாள். காளியண்ணன் தலையை ஆட்டிவிட்டார்.

"அவன் எழுதுன நேரம் தப்பா இருக்காதும்மா. பஞ்சாங்கம் தப்பும், இவன் தப்பமாட்டான்," என்றார்.

பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்து, கண்ணாடியை மாட்டி, விரல் வைத்துப் பார்த்தார். ரேவதி நட்சத்திரம் காலை எட்டு ஐம்பத்திரண்டு வரை. அதன் பிறகு அசுவினி. நாலு ஐம்பது என்றால் ரேவதி. அவர் முகம் சுருங்கிவிட்டது. ரேவதி அடைப்பு நட்சத்திரம். அடைப்பில் செத்தவரை வாசல் வழியாக எடுக்கக்கூடாது, சுவரை இடித்துத்தான் எடுக்க வேண்டும். பிறகு ஆறு மாசம் வீட்டைப் பூட்டிவிட வேண்டும். யாரும் குடியிருக்கக்கூடாது. குடியிருந்தால் அந்த வீட்டில் இன்னொரு உயிர் போகும் என்பது நம்பிக்கை. அதை மீற அங்கே யாருக்கும் துணிச்சலில்லை, அம்சவேணிக்கும் இல்லை. வயசுக்கு வந்த மகள் இருக்கிற வீடு.

மளமளவென்று எல்லாம் முடிவானது. பறித்தது போக மிச்ச மிளகு கொடியிலேயே நிற்கட்டும். கௌசிகாவுக்குப் பத்தாவது பரீட்சை இன்னும் இரண்டு மாசத்தில், அவள் நாத்தனார் வீட்டிலிருந்து எழுதிக்கொள்ளட்டும். மாட்டை மாராயி பார்த்துக்கொள்வாள். வடக்கு அறையில் தகரப் பெட்டிகளில் இருக்கிற இருபது வருச நோட்டுகளையும் தொலைநோக்கியையும் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. உள்ளேயே வைத்துப் பூட்டுவது என்றானது. எலி தின்றால் தின்னட்டும், வேறென்ன செய்வது? மேலத்தெரு அண்ணாமலை கடப்பாரை எடுத்து வரப் போனார். அர்த்தனாரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, என்னால்தான், என்னால்தான் என்று முனகிக்கொண்டேயிருந்தார்.

குளிப்பாட்டுவதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார்கள். அம்சவேணி பக்கத்தில் உட்கார்ந்து அண்ணனின் இடது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு வாரைத் தளர்த்தினாள். வார் மணிக்கட்டில் பதிந்த இடம் வெளுத்திருந்தது. கடிகாரம் பத்து பத்து காட்டியது. நின்றுவிட்டது என்று நினைத்தாள். நொடி முள் ஓடிக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கிச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று நாற்பது.

கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். யாரோ தண்ணீர் கேட்டார்கள். காதில் ஏறவில்லை.

எட்டு வருசத்துக்கு முன் ஒருநாள் இதே கடிகாரத்தை, நேரம் தப்பாக ஓடுகிறதே என்று, அண்ணன் குளிக்கப் போன சமயத்தில் அவள் சரிப்படுத்தி வைத்தாள். இரண்டு நாள் கழித்துத்தான் அவர் கண்டுபிடித்தார். அன்றைக்கும் திட்டவில்லை. உட்கார வைத்துச் சொன்னார். "ஜப்பான்ல ஒருத்தன், அமெரிக்காவுல ஒருத்தன், அரியூர் நாட்டுல நான். மூணு பேரும் ஒரே நட்சத்திரத்தப் பாக்கறோம். அவனவன் ஊரு நேரத்த எழுதுனா அது எப்ப வெடிச்சுதுன்னு யாருக்குத் தெரியும் கண்ணு? அதனால எல்லாருக்கும் ஒரே நேரம். லண்டன் பக்கத்து நேரம். நம்ம நேரத்துல அஞ்சரை மணி கழிச்சுக்கணும்."

ஐந்தரை மணி. நாலு ஐம்பதோடு ஐந்தரையைக் கூட்டினாள். விரல்விட்டு எண்ணிக் கூட்டினாள். பிறகு எழுந்து, நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வடக்கு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தப் பக்கத்தை மேலேயிருந்து படித்தாள். '19.05. நிலா மறைந்தது. வானம் சுத்தம்.' அதன் கீழே எண்கள், எண்கள். '23.55. கிழக்கு வெளுக்கிறது. முடித்தேன்.' பதினொன்று ஐம்பத்தைந்துக்கு எந்த ஊரில் கிழக்கு வெளுக்கும்? அப்புறம் அந்த இரண்டு வரிகள். பக்கம் அதோடு முடிந்திருந்தது. அதுவரை யாரும் பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருக்கவில்லை. அவள் திருப்பினாள்.

எழுத்து கோணியிருந்தது.

'5.02. அம்சா வந்துவிட்டாள். சத்தம் போடாதே என்று யாரிடமோ சொல்கிறாள்.'

அதற்குக் கீழே '5.10' என்று மட்டும் இருந்தது. பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அம்சவேணி கட்டிலில் உட்கார்ந்தாள். செம்பு விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. இப்போது இல்லை, காலையிலேயே கேட்டிருந்தது. மாராயியை அனுப்பிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு உட்காரும்போது உள்ளே 'ணங்' என்றது. எழுந்து வந்து இந்தக் கதவுக்கு வெளியே நின்றாள். கையைக்கூடத் தூக்கிவிட்டாள். பூனையாக இருக்கும் என்று நினைத்தாள். தட்டினால் எழுந்துவிடுவார், எழுந்தால் ராத்திரி கெட்டுவிடும், இன்றைக்கு ராத்திரிதான் அந்தக் கிரகம் குறுக்கே போகிற நாள் என்று நாலு தரம் சொல்லியிருந்தாரே என்று நினைத்தாள். தூக்கிய கையை இறக்கிக்கொண்டு, கொலுசு சத்தம் கேட்காமல் அடிமேல் அடி வைத்துத் திரும்பிப் போனாள். கதவுக்கு இந்தப் பக்கம் உயிர் இருந்தது. தாழ்கூடப் போடாத கதவு. ஐயோ, ஒரே ஒரு தள்ளுத் தள்ளியிருக்கலாம்.

கூடத்தில் கடப்பாரை முதல் குத்து விழுந்தது. வடக்கு அறையின் ஓடுகள் அதிர்ந்து தூசி கொட்டியது.

அவளுக்கு இருந்த வழி சின்னது. சும்மா இருந்தால் போதும். சுவர் இடியும், வீடு பூட்டப்படும், ஆறு மாசம் ஓடிவிடும். புருசன் ஆயுசு முழுக்கத் தன் தூக்கத்தை நொந்துகொள்வார். அவள் கதவு வாசலில் நின்றது அவளோடு போகும். இரண்டாவது குத்து விழுந்தது. அம்சவேணி நோட்டில் அந்தக் கோணல் எழுத்துப் பக்கத்தை உள்ளே மடித்து, கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"நிறுத்துங்க," என்றாள்.

அண்ணாமலை கடப்பாரையை இறக்கினார். சுவரில் ஒரு கைப்பிடி அளவுக்கு மண் பெயர்ந்திருந்தது.

"பெரீப்பா, இது நம்ம நேரமில்லீங்க. அண்ணன் எப்பவும் வெளிநாட்டு நேரந்தான் எழுதும். அஞ்சரை மணி கூட்டிக்கோணும்."

காளியண்ணனுக்கு முதலில் விளங்கவில்லை. அவள் கடிகாரத்தைக் காட்டினாள். கிழக்கு வெளுத்த வரியைக் காட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டையும் பார்த்தார், சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார், விரல்களை மடக்கினார்.

"அப்பப் பத்து இருபதுக்குத்தான் நெஞ்சே இறுக்கியிருக்குது. உயிர் போனது அதுக்கும் மேல." பஞ்சாங்கத்தை மறுபடி பிரித்தார். அவர் முகம் தெளிந்தது. "அசுவினி. அடைப்பு இல்லை சாமி. ஊட்டைப் பூட்ட வேண்டியதில்லை."

கூடம் முழுக்க மூச்சு விட்டது. நாத்தனார் கடவுளே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அண்ணாமலை கடப்பாரையை வெளியே கொண்டு போய்ச் சாய்த்தார். வாசல் வழியாகவே எடுத்துவிடலாம், பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடலாம் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். பாடை கட்ட மூங்கில் வெட்டப் போனார்கள். நல்ல காலம், நீ பார்த்தாய் கண்ணு என்று காளியண்ணன் அவள் தலையில் கை வைத்தார். செத்தும் கொடுத்தான் என் பையன், கடைசியிலேயும் பஞ்சாங்கத்தைத் திருத்திவிட்டுப் போயிருக்கிறான் என்று அழுதுகொண்டே சிரித்தார்.

மாராயி மட்டும் நகரவில்லை. தூணோரம் நின்று அம்சவேணியையே பார்த்தாள். பிறகு முந்தானையை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அர்த்தனாரி மெதுவாக எழுந்து வந்தார்.

"நீ ஊட்டுக்கு எத்தனை மணிக்கு வந்தே?"

"பத்து மணிக்குங்க," என்றாள். சற்றுப் பொறுத்து, "செம்பு உளுந்த சத்தம் எனக்குக் கேட்டுதுங்க," என்றாள்.

அவர் மத்தியானத்திலிருந்து தன் தலையில் அடித்துக்கொண்டிருந்த கையை அவள் தோள்மேல் ஒரு கணம் வைத்துவிட்டு, மூங்கில் பிளக்கப் போனார்.

ஐந்தே காலுக்கு எடுத்தார்கள். வாசல் வழியாக, கால் முன்னே போக, தரணிதரன் போனார். பெண்கள் தெருமுனைவரை போய் அழுதுவிட்டுத் திரும்பினார்கள். வீட்டைக் கழுவி விட்டார்கள். வடக்கு அறையின் ஜன்னல் மேல் காபி டம்ளர் ஆடை கட்டி அப்படியே இருந்தது. கௌசிகா அதை எடுத்துக்கொண்டு போய் ஊற்றிவிட்டு வந்தாள். சந்தைப் பையிலிருந்த பென்சில் பெட்டியை அம்சவேணி எடுத்தாள். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. திரும்பவும் பைக்குள்ளேயே போட்டாள்.

தலை முழுகிவிட்டு ஈரத்தோடு களத்து மேட்டில் உட்கார்ந்தாள். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. சுடுகாட்டுப் பக்கம் புகை எழும்பியது. எத்தனை நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாளோ, பிடரியில் சூடாக மூச்சுப் படவும் திடுக்கிட்டுத் திரும்பினாள். பசு. மேய்ச்சலிலிருந்து தானாகத் திரும்பி, அவள் பின்னால் வந்து நின்றிருந்தது. வந்த சத்தமே கேட்கவில்லை.

கழுத்து மணியைக் கையில் ஏந்திப் பார்த்தாள். காலையில் அவள் சுற்றிய துணி அப்படியே இருந்தது, இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தாள். பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்து, துணியை உருவி எடுத்தாள். பசு தலையை உதறியது. களம் முழுக்கக் கேட்கும்படி மணி அடித்தது.

அவள் கை தானாகப் போய் மணியைப் பொத்திக்கொண்டது.